கல்யாணப் பந்தலும் காப்பீட்டுப் பத்திரமும்

நெய்யாறு பூவாற்றின் அருகே கடலோடு கலக்கின்றது. அக்கழிமுகத்திற்குச் சற்றுத் தெற்கே, கேரள மாநிலத்தின் கடற்கரை முடிவுறும் இடத்தில், பொழியூர் என்னும் ஊர் உள்ளது. ஆறு மணல் திட்டை அறுத்துக்கொண்டு கடலிற் புகும் வாயைப் 'பொழி' என்று அப்பகுதி மக்கள் வழங்குவர். ஊரைக் கடந்தால் கொல்லங்கோடு, நீரோடி எனக் கன்னியாகுமரி மாவட்டத்து ஊர்கள் தொடங்கிவிடும். 1956-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாளன்று மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு நிலத்தின்மீது விழுந்ததேயன்றிக் கல்யாணங்களின்மீது விழவில்லை. பாறசாலையில் ஒரு மணவிழா எனின், களியக்காவிளைப் பக்கத்திலிருந்து பந்தற்சாமான் வருவதும், தோவாளைச் சந்தையிலிருந்து பூ வருவதும், பாலராமபுரத்துத் தறிகளிலிருந்து கசவுத் துணி வருவதும் இன்றும் காணக்கூடியவையே. அந்தப் பாலராமபுரத்து நெசவாளரின் முன்னோர், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலராமவர்மா மகாராஜாவின் காலத்தில் தமிழ்ப் பகுதியிலிருந்து அழைத்துவரப்பட்ட சாலியர் என்பதையும் இங்கு நினைவுகூரலாம்.

மணவிழாவுக்கு வேண்டிய பொருளையும் உழைப்பையும் தருகின்ற இவர்களுடைய தொழிலுக்குக் காப்பீடு என்று ஒன்று உண்டா? உண்டெனில் அஃது எந்த வழியாக வந்தது? எந்த இடத்தில் வந்து நின்றுவிட்டது? இதுவே இவ்வுரையின் பொருள். மங்கல காரியத்தைப் பற்றிப் பேசுகையில் தீயையும் புயலையும் இழுத்துவருவது தகுமா என்று நேயர்களுள் சிலர் எண்ணக்கூடும். மணவீட்டாருக்கு அந்தக் கூச்சம் இருக்கலாம். பந்தற்காரருக்கு அஃது இருப்பதற்கில்லை. முகூர்த்தத்திற்கு முதல்நாள் இரவு வானத்தைப் பார்த்துக்கொண்டு உறங்காமல் இருப்பவர் அவரே.

முன்னாளில் கல்யாணத்திற்குப் பொருள் வழங்குவோர் என்று ஒரு தனித் தொழிற்கூட்டம் இருந்ததில்லை. முடைந்த தென்னோலையும் கமுகங்கம்பும் அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்தன. உறவினரே பந்தல் இட்டனர். உருளியும் வார்ப்பும் கோவிலிலோ தறவாட்டு வீட்டிலோ இரவல் கிடைத்தன. இரவல் வாடகையாகவும், உறவு ஒப்பந்தமாகவும் மாறியது பின்னாளில் நிகழ்ந்த மாறுதல். கம்பின் இடத்தில் இரும்புக் குழாய் வந்தது. ஓலையின் இடத்தில் தகரமும் துணியும் வந்தன. நாற்காலி, விரிப்பு, அண்டா, விளக்கு அலங்காரம், மின்னாக்கி இயந்திரம் என ஒரு கிடங்கு நிறையச் சாமான் வைத்துக்கொண்டு வாடகைக்கு விடுபவர் ஊர்தோறும் தோன்றினர். அவரோடு தலைமைச் சமையற்காரர், பூக்காரர், நாகஸ்வரக் குழுவினர், படம் எடுப்போர், மண்டப உடைமையாளர் ஆகியோரும் ஒரே நாளின்மேல் தம் வருவாயை வைத்து வாழ்பவராயினர்.

ஒரே நாள் என்பதை நேயர்கள் மனத்திற் கொள்ள வேண்டும். துணிக்கடைக்காரருக்கு இன்று மழை பெய்தால் நாளை வாங்குவோர் வருவர். பந்தற்காரருக்குப் போன முகூர்த்தம் போனதே. மேலும் அம்முகூர்த்தங்கள் ஆண்டு முழுதும் பரந்து கிடப்பனவும் அல்ல. இக்கடற்கரையில் வாழும் மீனவருட் பெரும்பாலார் லத்தீன் கத்தோலிக்கர். உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முன்வரும் தவக்காலத்திலும், கிறிஸ்துமசுக்கு முன்வரும் திருவருகைக் காலத்திலும் அவர்கள் பொதுவாகத் திருமணம் வைப்பதில்லை. இந்துக்களோ கர்க்கடகம் எனப்படும் ஆடி மாதத்தை விலக்கி, சிங்ஙம் எனப்படும் ஆவணி பிறந்ததும் நாள் பார்ப்பர். ஆகவே அடைத்த மாதங்களும், நெருக்கியடித்த வாரங்களுமாகவே இத்தொழிலின் ஆண்டு அமைந்துள்ளது. அந்த வாரங்களில் ஏதேனும் ஒன்று தவறினால் இழப்பது ஒரு வார வருவாய் அன்று. ஆண்டு வருவாயில் ஒரு பெரும்பகுதி.

இனிக் காப்பீட்டின் கதைக்கு வருவோம். முதலில் அச்சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. மத்திய அரசின் மொழிபெயர்ப்புப் பணியில் இருக்கும் நமக்கு இச்சொல் பலமுறை தொல்லை கொடுத்ததுண்டு. பழைய தமிழ்ப் பத்திரிகைகள் 'இன்ஷியூரன்ஸ்' என்றே எழுதின. தமிழ்நாட்டில் இப்பொழுது 'காப்பீடு' நிலைபெற்றுவிட்டது. இலங்கையிலும் மலேசியாவிலும் 'காப்புறுதி' என்பர். பொழியூர்ப் பக்கத்திலோ இவற்றுள் ஒன்றும் செல்லாது. 'இன்ஷுரன்ஸ்' என்றால்தான் விளங்கும். 'உறுதி' என்பது வாக்களிப்பு. 'ஈடு' என்பது இழந்ததற்கு நிகராகத் தருவது. கல்யாணத் தொழிலில் இழப்பது எது, அதற்கு நிகர் எது என்று வரும்போது, இவ்வேற்றுமை அகராதியோடு நின்றுவிடுவதில்லை.

காப்பீடு என்னும் பெயர் வருமுன்னரே அதன் வேலையைச் செய்த ஏற்பாடுகள் நம்மிடையே இருந்தன. மதுரை, இராமநாதபுரம் பகுதிகளில் வழங்கும் மொய் அவற்றுள் ஒன்று. எழுதிவைத்த மொய்க் கணக்கு, பல வீட்டாரும் ஒரு வீட்டின் செலவை முறைவைத்துச் சுமக்கும் கணக்கே அன்றி வேறில்லை. புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கங்களில் மொய் விருந்து என்று தனியே ஒரு விழாவாகவே அது வளர்ந்தது. மலபாரின் வடகரைப் பகுதியில் நடைபெறும் பணப்பயற்று அதன் உறவுமுறைதான். திருவிதாங்கூரிலும் கொச்சியிலும் சிட்டியும் குறியும் பெருவழக்காயிருந்தன. இரண்டு அரசுகளும் அவற்றுக்கெனத் தனிச் சட்டங்களே இயற்ற நேர்ந்தது. கேரள அரசு 1969-ஆம் ஆண்டில் திருச்சூரைத் தலைமையிடமாகக் கொண்டு நிறுவிய நிதி நிறுவனம் இன்றும் சிட்டி நடத்துகிறது. மகளின் கல்யாணத்திற்குச் சிட்டி பிடித்த தந்தையர் இந்நாட்டில் எண்ணிறந்தோர். ஆனால் இவை யாவும் மணவீட்டைக் காத்தவை. பந்தற்காரர் அவற்றில் பணம் பெறுபவராகத் தோன்றுகிறாரே தவிர, காக்கப்படுபவராகத் தோன்றவில்லை.

சட்டத்தின் வழி வந்த காப்பீடும் முதலில் அதே திசையிற் சென்றது. 1818-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் ஓரியண்டல் ஆயுட் காப்பீட்டு நிறுவனமும், 1829-இல் சென்னையில் மெட்ராஸ் ஈக்விடபிள் நிறுவனமும் தொடங்கின. திருவிதாங்கூர் அரசு 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தன் ஊழியர்க்கென ஆயுட் காப்பீட்டுத் திட்டம் ஒன்றை ஏற்படுத்தியது. கச்சேரிக் குமாஸ்தாவுக்குக் காப்பு வந்தது. அவர் வீட்டுக் கல்யாணத்திற்கு ஓலை முடைந்தவருக்கு வரவில்லை. 20-ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டுகளில், மாதந்தோறும் சிறு தொகை வாங்கிக்கொண்டு, உறுப்பினருக்குத் திருமணம் நிகழ்ந்தால் பணம் தருவதாகச் சொன்ன சங்கங்கள் இந்தியாவிற் பல தோன்றின. வசூலானதை அவ்வப்போது உரியவர்க்குப் பங்கிடுவதே அவற்றுட் பலவற்றின் முறை. திருமணம் என்பது தீயைப்போலத் தானே வருவதன்று, வேண்டியபோது வரவழைக்கக்கூடியது. பணம் வேண்டுவோர் மணத்தை விரைவுபடுத்தலாம் என்னும் ஓட்டை அந்த முறையிலேயே இருந்தது. 1912-ஆம் ஆண்டின் சேமநிதிக் காப்பீட்டுச் சங்கச் சட்டம், பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றின்மேல் பணம் தரும் சங்கங்களைப் பதிவுக்கும் கண்காணிப்புக்கும் உட்படுத்தியது. 1938-ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டம் தன் 52-ஆம் பிரிவில் அந்தப் பங்கீட்டு முறையையே தடைசெய்தது. 1956-இல் ஆயுட் காப்பீட்டுக் கழகம் தோன்றிய பின்னர், மக்களின் திருமணச் செலவுக்கெனவே பத்திரம் எடுக்கும் வழக்கம் நடுத்தரக் குடும்பங்களில் வேரூன்றியது. இப்படி முதிர்ந்த பத்திரத்தின் பணம் கடைசியிற் போய்ச் சேர்ந்த இடம் எது? பந்தற்காரரின் கையும், சமையற்காரரின் கையுந்தான். அவர்களுடைய தொழிலோ அப்போதும் வெட்டவெளியில் நின்றது.

தொழிலைக் காக்கும் பொதுக் காப்பீடு வேறு ஒரு வழியாக வந்தது. அது கப்பலிலும் கிடங்கிலும் பிறந்த குழந்தை. லண்டனில் எட்வர்டு லாயிடின் காப்பிக் கடையிற் கூடிய கப்பல் வணிகரும், 1666-ஆம் ஆண்டின் பெருந்தீக்குப் பின் அந்நகரில் எழுந்த தீக்காப்பீட்டு நிலையங்களும் அதன் பெற்றோர். 1850-இல் கல்கத்தாவில் டிரைட்டன் நிறுவனம் அத்தொழிலை நம் நாட்டிற் தொடங்கியது. தீக்காப்பீட்டுப் பத்திரத்தின் கண்ணுக்குப் பொருள் தெரியும். அப்பொருளால் வரும் வருவாய் தெரியாது. கிடங்கு எரிந்தால் கிடங்கின் விலை. அஃது எரிந்ததனால் ஆறு மாதம் வணிகம் நடவாமற் போனதற்கு ஒன்றுமில்லை. இக்குறையை நீக்க 1899-ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரத்து லூடோவிக் மான் என்னும் கணக்கர் ஒரு வழி கண்டார். சென்ற ஆண்டு இதே மாதங்களில் நடந்த விற்பனையோடு ஒப்பிட்டு, குறைந்த விற்பனையின் அளவுக்கு இலாப இழப்பைக் கணக்கிட்டுத் தருவது என்பதே அது. இன்று தொழில் தடைக் காப்பீடு என்று வழங்குவது இவ்வழியில் வளர்ந்ததே.

இதில் ஒரு முடிச்சு உண்டு. இலாப இழப்புக்குப் பணம் பெற வேண்டுமானால், முதலில் காப்பீடு செய்த பொருளுக்கு, காப்பீடு செய்த ஆபத்தினால் சேதம் நேர்ந்திருக்க வேண்டும். பொருள் சிதையாமல் வருவாய் மட்டும் சிதைந்தால் பத்திரம் வாய் திறவாது. ஆலைக்கு இது பெருங்குறை அன்று. ஆலை நிற்பது பெரும்பாலும் இயந்திரம் எரிவதனால்தான். கல்யாணமோ, பந்தல் சற்றும் சாயாமல் நிற்கும்போதே நின்றுபோகக் கூடியது.

அப்படி நின்றுபோன விழா ஒன்று உலக வரலாற்றில் இடம்பெற்றுள்ளது. அது கல்யாணம் அன்று, முடிசூட்டு விழா. ஏழாம் எட்வர்டு மன்னருக்கு 1902-ஆம் ஆண்டு ஜூன் 26-ஆம் நாள் முடிசூட்டுவதென நாள் குறித்திருந்தனர். இரண்டு நாள் முன்னர், குடல்வால் அழற்சியால் மன்னருக்கு அறுவை செய்ய நேர்ந்தது. விழா ஆகஸ்டு 9-ஆம் நாளுக்குத் தள்ளிப்போயிற்று. ஊர்வலம் காண்பதற்கென மாடிகளையும் இருக்கைகளையும் வாடகைக்கு விட்டவர், விருந்துக்கு உணவு ஆயத்தம் செய்தவர், கொடியும் விளக்கும் கட்டியவர் எனப் பலர் தவித்தனர். விழா நடவாதொழிந்தால் பணம் தருவதாக லாயிட்ஸ் காப்பீட்டாளரிடம் முன்னதாகவே பத்திரம் வாங்கியிருந்தோர் தப்பினர். ஏனையோர் நீதிமன்றம் ஏறினர். கிரெல் என்பவர் பால் மால் தெருவிலிருந்த தம் அறைகளை 75 பவுனுக்கு வாடகை பேசி, 25 பவுன் முன்பணம் பெற்றிருந்தார். மிச்சம் 50 பவுனுக்கு அவர் தொடுத்த வழக்கு 1903-இல் தோற்றது. ஊர்வலமே ஒப்பந்தத்தின் அடிப்படை; அது நடவாதபோது பாக்கி கேட்க உரிமையில்லை என்பது தீர்ப்பு. முன்பணம் அவரிடமே நின்றது. இழப்பு எவர் மடியில் விழுந்ததோ அங்கேயே கிடக்கட்டும் என்பது அக்கால ஆங்கிலச் சட்டத்தின் போக்கு.

நம் நாட்டுச் சட்டம் வேறு. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், செய்ய இயலாமற்போன ஒப்பந்தம் செல்லாதாகிவிடும் என்று 56-ஆம் பிரிவிலும், அப்படிச் செல்லாதானபின் பெற்ற நன்மையைத் திருப்பித்தர வேண்டும் என்று 65-ஆம் பிரிவிலும் கூறுகிறது. கேட்பதற்கு நேர்மையாகவே உள்ளது. ஆனால் சமையற்காரர் ஒருவர் 20,000 ரூபாய் முன்பணம் பெற்று, அதில் 15,000 ரூபாய்க்குக் காய்கறியும் தேங்காயும் இலையும் வாங்கிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். விடிந்தால் கல்யாணம், இரவோடு இரவாக அது தடைப்படுகிறது. அவர் திருப்பித்தர வேண்டுவது 20,000 ரூபாயா, 5,000 ரூபாயா? இங்கிலாந்து 1943-இல் தன் சட்டத்தைத் திருத்தியபோது, செய்த செலவைக் கழித்துக்கொள்ள நீதிமன்றம் அனுமதிக்கலாம் என்று வெளிப்படையாக எழுதிவிட்டது. நம் 65-ஆம் பிரிவில் அத்தகைய வாசகம் இல்லை. ஆகவே ஊர்ப் பெரியவர் இருவர் நடுவில் உட்கார்ந்து 'பாதிக்குப் பாதி' என்று முடித்துவைப்பதே வழக்கமாயிற்று. அந்தப் பெரியவர்கள் 1943-ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டத்தைப் படித்தவர்கள் அல்லர். ஆயினும் அதை ஒட்டியே தீர்ப்பளித்தனர் என்பது நமக்கு ஒரு வியப்பு.

1973-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் பொதுக் காப்பீட்டுத் தொழில் நாட்டுடைமையாயிற்று. 107 காப்பீட்டு நிறுவனங்கள் நான்கு நிறுவனங்களாகத் திரட்டப்பட்டன. அவற்றுள் யுனைடெட் இந்தியா சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டது. காப்பீட்டு அலுவலகக் கிளைகள் சிறு நகரங்களுக்கும் வந்தன. கடைக்காரர்களுக்கென்று தீ, களவு, வழியில் கொண்டுசெல்லும் பணம் முதலியவற்றை ஒரே கட்டில் அடக்கிய தொகுப்புப் பத்திரமும் வழக்கத்திற்கு வந்தது. வாடகைச் சாமான் கடைக்காரரும் இதனை வாங்கலாம், வாங்கியோரும் உண்டு. ஆனால் அவர்களுட் பலரை வீழ்த்தியது சராசரி விதி என்னும் ஒரு சிறு வாசகம். பத்து இலட்சம் ரூபாய்ச் சாமானை வைத்துக்கொண்டு, பிரீமியம் குறையட்டும் என்று ஐந்து இலட்சத்துக்கு மட்டும் காப்பீடு செய்தவர், இரண்டு இலட்சம் ரூபாய்ச் சாமானைத் தீக்கு இழந்தால் அவருக்குக் கிடைப்பது ஓர் இலட்சமே. பாதி காத்தவனுக்குப் பாதிதான் என்பது கணக்கு. அத்துடன், கல்யாணச் சாமான் கிடங்கில் இருப்பது வேலையில்லாத நாளில்தான். பருவத்தில் அது லாரியின் மேலும் பிறர் வீட்டு முற்றத்திலும் கிடக்கும். பத்திரத்தில் எழுதியிருப்பதோ கிடங்கின் முகவரி.

காப்பீட்டு உலகம் இத்தொழிலைச் சரியாகப் பார்க்குமுன்னரே வரி உலகம் பார்த்துவிட்டது. 1997-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளிலிருந்து மண்டப உடைமையாளர் தரும் சேவைக்கு மத்திய அரசு சேவை வரி விதித்தது. மண்டபம் என்பது அசையாச் சொத்து, அதனை வாடகைக்கு விடுவது சேவையாகாது என்றெல்லாம் வாதிட்டுத் தமிழ்நாடு கல்யாண மண்டபச் சங்கத்தார் உச்ச நீதிமன்றம் வரை சென்றனர். 2004-ஆம் ஆண்டு ஏப்ரலில் நீதிமன்றம் வரி செல்லும் என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் பந்தல், ஷாமியானா அமைப்போரும் வரிக்கு உட்பட்டனர். 2017-இல் இவை சரக்கு மற்றும் சேவை வரிக்குள் அடங்கின. தேநீர்க்கடை வரவுபோலச் சட்டைப்பையில் நடந்த கணக்கு, பற்றுச்சீட்டும் பேரேடுமாக மாறியது இந்த வரியின் தள்ளுதலால்தான். இதில் ஒரு நன்மையும் இருந்தது. இழந்த வருவாய்க்கு ஈடு கேட்க வேண்டுமாயின், முன்னாண்டு வருவாயைக் காட்டும் ஏடு வேண்டும் அல்லவா?

2004-ஆம் ஆண்டு வேறொரு நிகழ்ச்சியாலும் நினைவில் நிற்கிறது. ஜனவரி 23-ஆம் நாள் திருவரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தில் மின்கசிவால் எழுந்த தீ ஓலைக்கூரையைப் பற்றியது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்; மணமகனும் அவர்களுள் ஒருவர். தன் பொருள் எரிந்தால் என் செய்வது என்றிருந்த தொழிலுக்கு, தன் பொருளால் பிறர் உயிர் போனால் என் செய்வது என்னும் கேள்வி அன்று முன்னால் வந்து நின்றது. இதனைப் பொறுப்புக் காப்பீடு என்பர். அதாவது, தொழில் செய்வோரின் கவனக்குறைவால் மூன்றாமவர்க்கு நேர்ந்த தீங்குக்கு அவர் தரவேண்டிய இழப்பீட்டை நிறுவனம் தருவது. குற்ற வழக்கின் தண்டனையை எந்தப் பத்திரமும் ஏற்காது என்பதையும் உடன் சொல்லிவிட வேண்டும். தொழிலாளர் பக்கத்தில் சட்டம் இதற்கு வெகுகாலம் முந்தியது. பந்தற்கம்பத்தின் உச்சியிலிருந்து விழுந்த தொழிலாளிக்கு, குற்றம் எவருடையது என்று பாராமல் முதலாளி ஈடு தரவேண்டும் என்பது 1923-ஆம் ஆண்டின் சட்டத்திலிருந்தே வரும் விதி. அவ்விதிகள் பின்னர் 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் இடம்பெற்றன. நான்கு ஆட்களை வைத்து வேலை வாங்கும் பந்தற்காரருக்கு, சாமானுக்கு எடுக்கும் பத்திரத்தைக் காட்டிலும் இந்தப் பத்திரமே முதலில் வேண்டுவது என்பது நம் கருத்து. தகரம் போனால் கடன் வாங்கி வேறு வாங்கலாம்.

இனி எல்லைக் கடற்கரைக்குத் திரும்புவோம். 2017-ஆம் ஆண்டில் திருவருகைக் காலம் டிசம்பர் 3-ஆம் நாள் தொடங்கியது. ஆகவே நவம்பர் இறுதி வாரம் இக்கரையில் கல்யாணங்கள் நெருங்கிவரும் வாரம். நவம்பர் 30-ஆம் நாள் ஒக்கிப் புயல் அடித்தது. பூந்துறை, விழிஞ்ஞம், பொழியூர் தொடங்கி நீரோடி, வள்ளவிளை, சின்னத்துறை, தூத்தூர் வரையில் கடலுக்குச் சென்றவர் பலர் திரும்பவில்லை. அந்நாட்களில் எவர் மனமும் பந்தலை நினைக்கும் நிலையில் இல்லை. முன்பணத்தைத் திருப்பிக் கேட்காத வீட்டாரும் இருந்திருப்பர், கேட்க வாயில்லாதவரும் இருந்திருப்பர். துக்க வீட்டில் பாக்கி கேட்கும் பந்தற்காரர் எவரும் இருந்திருக்கமாட்டார். பந்தற்சாமானுக்குச் சேதமில்லை, ஆதலால் எந்தப் பத்திரத்தின்படியும் ஈடு இல்லை.

அடுத்த ஆண்டு சிங்ஙம் முதல் நாள் ஆகஸ்டு 17 அன்று பிறந்தது. கேரளத்தைப் பெருவெள்ளம் மூழ்கடித்தது அதே நாட்களில். தென்கோடியில் வடக்கிற்போல வெள்ளம் ஏறவில்லையெனினும், அரசு ஓணக் கொண்டாட்டத்தையே கைவிட்ட ஆண்டில் ஆடம்பரத்திற்கு மனம் வரவில்லை. தோவாளைப் பூவுக்கும் அவ்வோணத்தில் வடக்கே கேட்பார் குறைந்தனர். பின்னர் 2020 வந்தது. தவக்காலம் முடிந்து உயிர்ப்புப் பெருவிழா ஏப்ரல் 12-இல். அதற்குப்பின் வரும் கல்யாணங்களுக்கு முன்பணம் கைமாறியிருந்த வேளையில், மார்ச்சு 25 முதல் நாடு முழுதும் ஊரடங்கு. மணவிழாவுக்கு 50 பேருக்கு மேல் கூடலாகாது என்னும் மத்திய ஆணையும் பிறகு வந்தது. களியக்காவிளைச் சோதனைச்சாவடியில் வழி அடைபட்டது. ஒரு மாநிலத்துப் பந்தல், மறு மாநிலத்துக் கல்யாணத்திற்குப் போக அனுமதிச்சீட்டு வேண்டியதாயிற்று.

மூன்று ஆண்டுகளில் மூன்று பருவங்கள் வாசலிலேயே முறிந்தன. ஆனால் மூன்றிலும் குழாயும் தகரமும் கிடங்கில் பத்திரமாகவே இருந்தன. இங்கிலாந்தில் சில தொழில் தடைப் பத்திரங்களில் தொற்றுநோய் அறிவிக்கப்பட்டால் ஈடு உண்டு என்னும் வாசகம் இருந்தது. அதன் பொருள் யாதென வழக்கு நடந்து, 2021-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் பெரும்பாலும் தொழில் செய்வோர் பக்கமாகத் தீர்ப்பளித்தது. நம் நாட்டில் சிறுதொழிலார் கையிலிருந்த பத்திரங்களில் அத்தகைய வாசகம் பொதுவாகக் கிடையாது.

2021-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளிலிருந்து காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் சிறுதொழிலுக்கென ஒரே மாதிரியான பத்திரம் ஒன்றை எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் தரும்படி செய்தது. 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்பது அதன் பெயர். ஐந்து கோடி ரூபாய் வரை மதிப்புள்ள உடைமைக்கு அது பொருந்தும். தீயோடு புயலும் வெள்ளமும் அடங்கும். குறைவாகக் காப்பீடு செய்திருந்தாலும் 15 விழுக்காடு வரை சராசரி விதி பாயாது. சரக்கைத் தற்காலிகமாக வேறிடம் கொண்டுசென்றாலும் ஒரு வரம்புக்குள் காப்பு உண்டு. பந்தற்காரருக்கு முன்னிலும் இது நல்லதே என்பதில் ஐயமில்லை. பெயரைத்தான் பொழியூரில் எவரும் நாவிற் கொள்ளமாட்டார். வீட்டார்க்கும் தனியார் நிறுவனங்கள் சில திருமணக் காப்பீடு தருகின்றன. தீயாலோ விபத்தாலோ மணம் நின்றால் வீட்டார் செய்த செலவுக்கு ஈடு கிடைக்கும். இரு வீட்டார் பிணங்கி நிறுத்தினால் கிடைக்காது. வீட்டார் அப்படி ஒரு பத்திரம் வைத்திருந்தால் பந்தற்காரரின் பணமும் மறைமுகமாகக் காக்கப்படும். ஆனால் நகரத்துப் பெரிய கல்யாணங்களுக்கு அப்பால் அஃது இன்னும் இறங்கவில்லை.

பொழியூர்ப் பக்கம் நாம் சென்றிருந்தபோது, பந்தற்சாமான் வாடகைக்கு விடும் முதியவர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தோம். காப்பீடு உண்டா என்று கேட்டதற்கு, "கம்பும் தகரமும் போனா கம்பெனி தரும் சார். தீயதி போனா யாரு தருவா?" என்றார். நாம் இத்தனை நேரம் சுற்றி வந்த சட்டநுட்பத்தை அவர் ஒரே மூச்சிற் சொல்லிவிட்டார். பிறகு தம் பற்றுச்சீட்டுப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். 2020-க்குப் பின் புதிதாக அச்சிட்டது. அடியில், தமிழிலும் மலையாளத்திலும் ஒரு குறிப்பு இருந்தது. இயற்கைச் சீற்றத்தாலோ அரசு ஆணையாலோ கல்யாணம் மாறினால் முன்பணம் திருப்பித் தரப்படமாட்டாது, ஓராண்டுக்குள் வைக்கும் கல்யாணத்திற்கு வரவு வைக்கப்படும் என்பது தமிழ்க் குறிப்பு. பார்க்கப்போனால், எந்த நிறுவனமும் எழுதித் தராத பத்திரத்தை அவரே தமக்கு எழுதிக்கொண்டிருக்கிறார்.

தொழிற்பழக்கம் விடவில்லை, நாம் மலையாளத்தையும் ஒப்பிட்டுப் படித்தோம். அதில் 'ஓராண்டு' இல்லை; 'அடுத்த சீசன் வரை' என்று இருந்தது. சீசன் என்பது நான்கு மாதமும் ஆகலாம், நான்கு வாரமும் ஆகலாம். இரண்டில் எது செல்லும் என்று கேட்டோம். முதியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "கல்யாண வீட்டுக்காரர் எந்த எழுத்தை வாசிப்பாரோ அதுதான் சார்" என்றார்.